ஒரு நூல் அங்கோட்டு

விஜயம்மா கூட்டி முடித்த தரையில் ஓர் இடம் மட்டும் விட்டுப்போயிருந்தது.

மூலையில் ஒரு தூசி கிடந்தால்கூட அன்று முழுக்கச் சோறு இறங்காத மனுஷி அவள். துடைப்பம் போன வழியெல்லாம் சிவப்புத் தரை பளபளவென்று இருந்தது. முன்னறையிலிருந்து அடுக்களைக்குப் போகும் இடைநாழியின் நடுவில் மட்டும், ஒரு பாய் விரிக்கிற இடத்துக்கு, தூசியும் உதிர்ந்த முடியும் வெங்காயச் சருகும் அப்படியே கிடந்தன. துடைப்பம் அந்த இடத்துக்கு வந்ததும் மெல்ல விலகி, சுற்றிக்கொண்டு, மறுபடி பழைய வழிக்கே வந்து சேர்ந்திருந்தது. லேகா தன் அறை வாசலில் கட்டன்சாயாவோடு நின்று அதைப் பார்த்தாள். டம்ளர் கையைச் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அம்மா, இங்க கூட்டலியா?"

"எங்க?"

"இந்தா, இங்க."

விஜயம்மா பார்த்தாள். பார்வை அந்த இடத்தின் ஓரம்வரை வந்து, வழுக்கி, எதிர்ச்சுவரில் போய் நின்றது. "எல்லாம் கூட்டியாச்சு மக்கா. ராத்திரி முழுக்க முழிச்சிக் கெடந்தா கண்ணு இப்பிடித்தான் பேசும். நீ போயி குளி."

சரி, நாமே கூட்டுவோம் என்று லேகா துடைப்பத்தை வாங்கினாள். குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நேராக இழுத்து இழுத்துப் பெருக்கினாள். இடுப்பை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தபோது தூசி அங்கேயேதான் கிடந்தது. வெங்காயச் சருகுகூட அசைந்திருக்கவில்லை.

அது திங்கட்கிழமை. இரண்டாம் விசாரணைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

லேகாவுக்கு வேலையே கோணலை நேராக்குவதுதான். ரயிலில் இரண்டு நாள் தூரத்தில், வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே வட்டமாக வளைந்த ஒரு நீளக் குழாய்க்குள் 'பீம்' எனப்படும் எலக்ட்ரான் கற்றை மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். குழாயின் நட்டநடுவே ஓட வேண்டும்; ஒரு முடியளவு விலகினாலும் குற்றம். வழி நெடுக அறுபது இடங்களில் மானிட்டர்கள் உண்டு. கற்றை தன் இடத்தில் எவ்வளவு விலகிப் போகிறது என்று ஒவ்வொன்றும் சொல்லும். அதைக் கேட்டுக் கணினியானது சின்னச் சின்னக் காந்தங்களால் அங்கே ஒரு தட்டு, இங்கே ஒரு தட்டு என்று தட்டிக் கற்றையை நடுவுக்குக் கொண்டுவரும். ஏதாவது ஒரு மானிட்டர் கெட்டு உளறத் தொடங்கினால் அதைக் கணக்கிலிருந்து தள்ளி வைத்துவிடலாம். திரையில் அதன் எண்மேல் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். அதன்பிறகு கணினிக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. மிச்சம் ஐம்பத்தொன்பதும் நேராகத் தெரிவதற்காக, எல்லாக் கோணலையும் அது கொண்டுபோய் அந்தக் காணாத இடத்தில் கொட்டும்.

நாற்பத்தொன்றாம் மானிட்டரை லேகா தள்ளி வைத்தாள்.

மறுநாள் டெல்லியிலிருந்து பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. சுவரிலிருக்கும் பெரிய திரையில் ஒரே நேர்கோடு வேண்டும் என்றார்கள். நாற்பத்தொன்று மட்டும் மூன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர் விலகல் என்று அடம்பிடித்தது. குழாயையும் காந்தங்களையும் நேர்பார்த்து வைக்கிற ஜெயதாஸ், அவை இருக்கிற சுரங்கத்துக்குள் போய், மண்டியிட்டு அளந்துவிட்டு, வேர்த்து வடிய மேலே வந்தான். காரோட்டுக் கடற்கரைப் பையன், முப்பத்தொரு வயது. சுரங்கத்திலிருந்து போனில் 'ஒரு நூல் அங்கோட்டு' என்று சொல்லிச் சொல்லி அந்தப் பக்கமாக இம்மி இம்மியாக நகர்த்துவான்; சரியானதும்தான் 'மதி, போதும்' என்பான். நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் கூட இருக்கட்டும் என்று அந்த வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னதே லேகாதான்.

"சேச்சி, நாப்பத்தொண்ணு பொய் சொல்லாது. நானாக்கும் அத வச்சது. பீம் தான் வெலகிப் போகுது."

"பாப்போம் ஜெயதாஸ்."

அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் சொடுக்கினாள். பதிவேட்டில் 'மானிட்டர் 41 பழுது' என்று எழுதினாள். கோடு நேரானது. வந்தவர்கள் கைதட்டினார்கள். அவர்கள் போன பிறகாவது திருத்தியிருக்கலாம். கோடு பார்க்க அழகாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

இருபத்துமூன்று நாள் கற்றை அந்த இடத்தில் யாருக்கும் தெரியாமல் விலகியே ஓடியது. வளையும்போது கற்றை சிந்துகிற சுடு வெளிச்சம் படக்கூடாத இடத்தில் பட்டுப்பட்டு, மெல்லிய இணைப்புக்குழாய் ஓட்டையானது. அவசர அவசரமாக மாற்ற வேண்டும் என்று மேலிடம் குதித்தது. குழாய்மேல் இருந்த அரை டன் காந்தத்தைத் தூக்கினார்கள், சங்கிலி வழுக்கியது, கீழே ஜெயதாஸ் இருந்தான். குப்புறக் கிடந்தான். வலதுகை மட்டும் நீண்டு, நாற்பத்தொன்றின் கம்பியைப் பிடிக்கப் போனதுபோல் விரல்கள் விரிந்திருந்தன. சுரங்கத்தில் வெல்டிங் பட்டறை மணம். லேகா அதையெல்லாம் பார்த்தாள்.

மானிட்டர் கெட்டிருந்ததா என்று முதல் விசாரணையில் கேட்டார்கள். கெட்டிருந்தது என்றாள். அப்படியானால் அதைப் பொருத்தியவன் மேல்தான் பிழை. செத்தவன் எதிர்த்துப் பேசவா போகிறான்? அன்றிலிருந்து அவளுக்கு உறக்கம் இல்லை. மருத்துவ விடுப்பில் சொந்த ஊரான செங்கலுக்கு வந்து பதினொரு நாளாகியும் ஒரு வாய்ச் சோறு ருசிக்கவில்லை.

செவ்வாயன்று மழை பிடித்தது. ஆடி மழை, நின்று பெய்தது. கொல்லையில் கால் கழுவிவிட்டு அம்மா உள்ளே வர, இடைநாழியில் ஈரக்காலடிகள் விழுந்தன. அடுக்களை வாசலிலிருந்து நேராக வந்து, நடுவில் இரண்டு சாண் விலகி, அழகாகத் திரும்பி, மறுபடி நேராக முன்னறைக்குப் போயிருந்தன. லேகா குனிந்து பார்த்தாள். அந்த வளைவை அவள் ஆயிரம் தடவை திரையில் வரைந்திருக்கிறாள். வளைவுக்கு முன்னும் கோணல் இருக்காது, பின்னும் இருக்காது. ஓடுகிற கற்றைக்குத் தான் வளைந்ததே தெரியாது.

"அம்மா, ஏன் சுத்திப் போறே?"

"நான் எதுக்குச் சுத்திப் போறேன்? நேரேயாக்கும் போறேன்."

லேகாவும் காலை நனைத்துக்கொண்டு நடந்து பார்த்தாள். எதிர்ச்சுவரின் நாட்காட்டிமேல் கண்ணை வைத்து, இம்மி பிசகாமல் நேராகத்தான் நடந்தாள். சத்தியம் செய்யச் சொன்னால் செய்வாள். திரும்பிப் பார்த்தபோது அவளுடைய காலடிகளும் அம்மாவின் காலடிகளோடு சேர்ந்து வளைந்து போயிருந்தன. ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டாள். அதுவும் சுற்றிக்கொண்டுதான் போயிற்று. சர்க்கரை டப்பாவுக்கு வரிசை கட்டிய எறும்புகளும் அப்படியே போயின.

அம்மா கடைக்குப் போன நேரத்தில் லேகா ஒரு சாக்பீஸை எடுத்தாள். அளக்காமல் இருக்க அவளால் முடியாது. அது அவள் ரத்தத்தில் ஊறியது. எறும்புகள் திரும்புகிற இடத்தில் ஒரு புள்ளி, பழம் திரும்பிய இடத்தில் ஒரு புள்ளி, தூசி முடிகிற இடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தாள். ஆறடி நீளம், இரண்டடி அகலம். ஒரு முனை உருண்டை. அந்த முனைக்குப் பக்கத்திலிருந்து மெலிசாக ஒன்று நீண்டு வெளியே போயிற்று.

நீட்டிய கை.

அது அவள் அறையைப் பார்த்து நீண்டிருந்தது. புதனன்று மறுபடி புள்ளி வைத்தபோது கை ஒரு சாண் வளர்ந்திருந்தது. வியாழன் காலையில் விரல்கள் அறை வாசற்படியைத் தொட்டுவிட்டன. மழையையும் ஈரத்துணியையும் மீறி வீட்டுக்குள் மெல்லிய வெல்டிங் பட்டறை மணம். மின்விசிறி நின்ற பிறகும் எங்கேயோ ஓர் இரைச்சல், தரைக்குள்ளிருந்து வருவதுபோல், நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. 'சொல்லிடறேன்டா,' என்று லேகா தரையைப் பார்த்துச் சொன்னாள். 'இன்னைக்கு நாலு மணிக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன். நீ போ.'

மூன்று மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. குடையை மடக்கிக்கொண்டு இறங்கியவர் யேசுவடியான், ஜெயதாஸின் அப்பா. நாற்பது வருஷம் கடலில் வள்ளம் தள்ளிய உடம்பு, இந்த இரண்டு மாதத்தில் சட்டைக்குள் சுருங்கிப்போயிருந்தது. அடக்கத்துக்குப் பிறகு லேகா அவர் முகத்தில் விழிக்கவில்லை. இப்போது ஓடி ஒளியவும் இடமில்லை.

"வாங்க மாமா. உக்காருங்க."

அவர் நாற்காலியைப் பார்க்கவில்லை. இடைநாழிக்குள் நேராக நடந்தார். கொஞ்சமும் விலகவில்லை. சாக்பீஸ் கோட்டின் ஓரம்வரை வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, ஒரு கையை உள்ளே வைத்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகில் வைப்பதுபோல.

"இங்க தரை நல்லா குளிருது மக்கா," என்றார்.

லேகா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"உனக்குத் தொந்தரவு தர வரல்ல. அவனுக்க பெட்டியில இது இருந்துது." நைந்துபோன ஒரு நோட்டை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார். "எல்லாம் இங்கிலீசாக்கும். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. மருமவ ஸ்டெஃபி தொட மாட்டேங்கா, கண்டாலே அழுகா. அப்பன் தப்புச் செஞ்சுதான் செத்தான்னு ஸ்கூல்ல அவனுக்க பிள்ளயிட்ட சொல்லியாவ. அது வந்து என்னட்ட கேக்குது, அப்பாப்பா, அது உள்ளதா, நெசமான்னு. நான் என்ன சொல்லட்டு? நீ வாசிச்சுச் சொல்லு மக்கா. அவனுக்க தப்பா, இல்லியா? நீ என்ன சொன்னாலும் நான் நம்புவேன்."

நோட்டு தானாகவே அந்தப் பக்கத்தில் விரிந்தது. சாய்ந்த, சுத்தமான கையெழுத்து. 'நாற்பத்தொன்றைக் கையால் அளந்தேன். மானிட்டர் சரி. விலகல் 3.8, உண்மை. லேகா சேச்சியிடம் சொன்னேன். பார்ப்போம் என்றார்.' அதன் கீழே தேதி. அடுத்த பக்கத்திலும் அதே. 'இன்றும் சொன்னேன். திருத்துவார்.' அதற்கடுத்த பக்கத்திலும். 'சேச்சிக்கு வேலை அதிகம். திருத்துவார்.'

கிழவரின் கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கண்களில் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை. அதுதான் லேகாவைக் கொன்றது.

"இதுல ஒண்ணும் இல்ல மாமா," என்றாள். "வெறும் அளவுக் கணக்கு."

"ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

அவர் தரையில் வைத்த கையை மெல்ல எடுத்தார். "செரி. நீ அவனுக்குக் கூடப்பொறந்தது போலயாக்கும். நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்." எழுந்திருக்கச் சிரமப்பட்டார். "நோட்டு உனக்க கையில இருக்கட்டு. எனக்கு எதுக்கு? வாறேன் மக்கா."

ஆட்டோவின் சத்தம் மழைக்குள் கரைந்தது. லேகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பரவாயில்லை, இன்னும் நாலு மணி ஆகவில்லை. கிழவரிடம் சொல்ல வாய் வரவில்லை, விசாரணையில் சொல்லிவிடலாம். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

திரையில் மூன்று முகங்கள். நடுவிலிருந்த தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், ஒரே கேள்விதான். நாற்பத்தொன்றாம் மானிட்டர் சரியாக வேலை செய்ததா, இல்லையா? உங்கள் பதிலோடு அறிக்கையை மூடிவிடுவோம்."

கதவிடுக்கின் வழியாக வெல்டிங் பட்டறை மணம் வந்தது. இரைச்சல் அவள் நாற்காலிக் கால்களில் ஏறியது. நோட்டைத் தூக்கிக் காட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம், தூக்கினால் போதும். கை நோட்டின் மேல்தான் இருந்தது. பதினெட்டு வருஷ வேலை நினைவுக்கு வந்தது. மகள் பெரிய விஞ்ஞானி என்று கோயிலில் காண்பவர்களிடமெல்லாம் அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. பத்திரிகையில் தன் படம் எப்படி வரும் என்று நினைத்தாள்.

"இல்லை சார். அது கெட்டிருந்தது."

"ஜெயதாஸ் பொருத்தியதுதானே?"

"ஆமாம்."

இரைச்சல் நின்றது. பட்டென்று, யாரோ சுவிட்சை அணைத்ததுபோல.

தலைவர் எழுதிக்கொண்டார். நிமிர்ந்தார். "மேடம்?" என்றார். "மேடம் இருக்கிறாரா?"

"இருக்கிறேன் சார்."

"லைன் போய்விட்டதா? அவர் பெயரே இங்கே காணவில்லையே." பக்கத்தில் இருந்தவர் தோளைக் குலுக்கினார். "பதில் பதிவாகிவிட்டது. போதும்." திரை கறுத்தது.

லேகா அப்படியே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே வெளிச்சம் மங்கி, பாறசாலைப் பக்கம் ரயிலொன்று கூவிக்கொண்டு போயிற்று. பயந்து பயந்து கதவைத் திறந்தாள். மணம் இல்லை. இடைநாழியில் அம்மாவின் ஈரக்காலடிகள் அடுக்களையிலிருந்து முன்னறைவரை, நூல் பிடித்ததுபோல் நேராகப் போயிருந்தன. சாக்பீஸ் கோட்டை மிதித்துக்கொண்டு, ஆறடியின் நடு வழியாகப் போயிருந்தன. தூசி இல்லை. வெங்காயச் சருகு இல்லை. துடைத்துவிட்ட தரை.

போய்விட்டான்.

லேகாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, துடைத்த தரையின் நடுவில் வந்து நின்றாள். உடம்பெல்லாம் லேசாகிவிட்டிருந்தது. அம்மா கையால் ஒரு பிடி சோறு வாங்கித் தின்ன வேண்டும் போலிருந்தது.

"தீபம்… தீபம்…"

விளக்கு வைக்கிற நேரம். விஜயம்மா குளித்து, ஈரத்தலையோடு, நிலவிளக்கை ஏந்திக்கொண்டு அடுக்களைப் பக்கமிருந்து வந்தாள். இடைநாழியின் நடுவில் மகள் நிற்கிறாள். அம்மா நேராக வந்தாள். மூன்றடி முன்னால் வந்தபோது மெல்ல விலகினாள். சுவரோரம் உரசிக்கொண்டு சுற்றினாள். மறுபடி நேரானாள். "தீபம்…" சுடர்கூட ஒரு பக்கமாக வளைந்து கடந்து போயிற்று.

"அம்மா?"

விளக்கை முன்வாசலில் வைத்துவிட்டு அம்மா கும்பிட்டாள். செல்போன் அடித்தது. எடுத்தாள்.

"ஆரு? ஜெஸியா? சொல்லு பிள்ளே." அடுத்த வீட்டு ஜெஸி எதையோ கேட்டாள் போலிருக்கிறது. "லேகாவா? அவ இங்க இல்லியே. வடக்கயாக்கும். ஓணத்துக்கு வருவா."

"அம்மா! இங்கதான் நிக்கேன்! அம்மா!"

விஜயம்மா திரும்பினாள். பார்வை வந்தது. லேகாவின் தோளோரம்வரை வந்தது. வழுக்கிற்று. எதிர்ச்சுவரில் போய் நின்றது.

லேகா ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். நேராகத்தான் ஓடினாள். வந்து நின்றது இடைநாழியின் நடுவில். மறுபடி ஓடினாள். வாசலைப் பார்த்து, விளக்கின் சுடர்மேலேயே கண்ணை வைத்து, நேராக. இடைநாழியின் நடு. அதே இடம். தள்ளி வைத்த இடம். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கத்தினாள். அம்மா செல்போனில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

கீழே பார்த்தாள். அம்மாவின் புதிய காலடிகள் அவளைச் சுற்றி வளைந்து போயிருந்தன. பக்கத்திலேயே எறும்பு வரிசையும் வளைந்தது. அகலமான வளைவு. ஓர் ஆளுக்கு அவ்வளவு வேண்டாம்.

இரண்டு பேர் படுக்கலாம்.

தரை குளிர்ந்தது. மணம் வந்தது.

கணுக்காலில் ஐந்து விரல்கள் படிந்தன. பிடித்து இழுக்கவில்லை. பொறுமையாக, அளந்து, வேலை தெரிந்த கை தொடுகிற மாதிரி அவள் காலை இம்மியளவு நகர்த்தின. சுரங்கத்துக்குள் காந்தங்களை நேர்பார்த்து வைக்கும்போது போனில் எப்போதும் கேட்கிற குரல், இப்போது தரையோரமிருந்து கேட்டது.

"ஒரு நூல் அங்கோட்டு, சேச்சி."

விரல்கள் அடுத்த காலுக்குப் போயின. முழங்காலுக்கு வந்தன. அவளைப் படுக்க வைத்தன. முகத்தைத் தரையோடு நேர்பார்த்தன. வாசலில் விளக்கு எரிந்தது. அம்மா அவர்களைச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

"இன்னும் அர நூல்… இன்னும் அர நூல்…"

மதி என்று அவன் சொல்லவே இல்லை.